கடலுக்குள் கட்டிய கயிறு

1

இந்த வருஷம் ஆடி அமாவாசைக்குப் பினாங்குக் கடலில் கயிறு கட்டினார்கள். படகுக்கோ வலைக்கோ இல்லை. இந்தப் பக்கம் ஆண்கள் குளிக்க வேண்டும், அந்தப் பக்கம் பெண்கள் குளிக்க வேண்டும் என்று மூங்கில் கம்பு ஊன்றிக் கட்டினார்கள். கட்டியவர்கள் சீனர்கள் இல்லை, மலாய்க்காரர்கள் இல்லை, வெள்ளைக்காரன் எப்போதோ மூட்டை கட்டிவிட்டான். எல்லாம் நம் ஆட்கள்தான். தென்காசி, குற்றாலம், இலஞ்சி, குத்துக்கல்வலசை என்று அக்கம்பக்கத்து ஊர்களில் பிறந்து, பிழைக்க வந்த இடத்தில் சங்கம் வைத்துக்கொண்டவர்கள்.

"நம்ம குத்தாலத்துல இருக்க மாதிரி ஒழுங்கா இருக்கட்டும்னுதான் செஞ்சோம்" என்றார் சங்கச் செயலாளர் சிதம்பரம் அண்ணாச்சி. அவர் குத்துக்கல்வலசைக்காரர். இங்கே ஜவுளிக்கடை வைத்திருக்கிறார்.

குற்றாலத்தில் குளித்தவர்களுக்கு அவர் சொன்னது புரியும். பேரருவியில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம், நடுவே தடுப்பு. மேலேயிருந்து விழுகிற தண்ணீர் ஒன்றுதான், அது பாட்டுக்கு விழுகிறது. கீழே நின்று பங்கு பிரித்துக்கொள்வது நாம். எனக்கும் அந்தத் தடுப்புக்கும் பழைய பகை உண்டு. கடல் தாண்டி வந்த பிறகு தீர்ந்தது என்று நினைத்திருந்தேன். தீரவில்லை என்பதால் இதை எழுதுகிறேன், ஊரில் இருக்கிறவர்கள் படிக்க வேண்டும் என்றே எழுதுகிறேன்.

நான் வேலம்மாள். இலஞ்சியில் பிறந்தபோது வைத்த பெயர் வேலாயுதம். ஆண் என்று சொல்லி வளர்த்தார்கள், நான் பெண்ணாகத்தான் வளர்ந்தேன், பெண்ணாகத்தான் வாழ்கிறேன். என்னைப் போன்றவர்களை நம் ஊரில் எந்தச் சொல்லால் கூப்பிடுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். அதை நான் எழுதப்போவதில்லை. காதால் கேட்டதே போதும். பினாங்குக்கு வந்து பத்து வருஷத்துக்கு மேலாகிறது. கடற்கரையில் இட்லிக்கடை. பாக்கியம் என்று பதினோரு வயதில் ஒரு மகள்; நான் பெற்றவள் இல்லை, வளர்க்கிறவள்.

2

கடை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். நாலு கம்பு, தகரக் கூரை, இரண்டு பெஞ்சு. காலையில் மீன் பிடித்துத் திரும்புகிறவர்கள் வலையை உதறிவிட்டு நேரே வந்து உட்காருவார்கள். அவர்களுக்குச் சாம்பாரைவிடத் தேங்காய்ச் சட்னி பிடிக்கும். வந்த புதிதில் சந்தைக்குப் போய், மலாயில் தேங்காய் கேட்பதாக நினைத்துக்கொண்டு, "ஒரு தலையைத் துருவிக் கொடுங்கள்" என்று கேட்டுவிட்டேன். கெலாப்பா என்றால் தேங்காயாம், கெப்பாலா என்றால் தலையாம். கடைக்காரர் தன் மொட்டைத் தலையைத் தடவிக் காட்டி, "இது விற்பனைக்கு இல்லை, அக்கா" என்றார். சந்தையே சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் எனக்கு மனதில் நின்றது வேறு. அவர் என்னை அக்கா என்று கூப்பிட்டார். நான் கேட்கவில்லை, கெஞ்சவில்லை. சேலை கட்டியிருந்தேன், கூப்பிட்டார்.

எல்லோரும் அப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். துறைமுகத்துப் பக்கம் போனால் இங்கேயும் கல் விட்டெறிகிறவன் உண்டு. எறிந்தால் திருப்பி எறிவேன். இலஞ்சி மாந்தோப்புகளில் பழகிய கை, குறி தப்பாது.

மதியம் வியாபாரம் முடிந்ததும் கடலில் இறங்குவேன். மீனவப் பெண்கள் சாரோங்கை நெஞ்சுவரை ஏற்றிக் கட்டிக்கொண்டு குளிக்கிற இடத்தில் நானும் பாவாடையை ஏற்றிக் கட்டிக்கொண்டு குளிப்பேன். வீட்டுக்காரன் குடிக்கிறான், கருவாடு காயவில்லை, மருமகள் பேச்சைக் கேட்கிறதில்லை என்று கழுத்துவரை தண்ணீரில் நின்றுகொண்டு கதை பேசுவார்கள். எனக்குப் பாதி புரியும், பாதிக்குத் தலையாட்டுவேன். கடல் என்னை நீ யார் என்று கேட்கவில்லை என்று எழுதினால் படிக்க அழகாக இருக்கும். கடல் எவரையும் எதுவும் கேட்பதில்லை, அதற்கு அந்த வேலை இல்லை. கேட்கிறவர்கள் கரையில்தான் இருக்கிறார்கள், பதிலும் கரையில்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கடைக்கு அப்பால் ஓர் ஆறு கடலில் சேருகிறது. அந்தக் கழிமுகச் சேற்றில் ஒரு மீன் இருக்கிறது. கரையேறித் தத்தித் தத்தி நடக்கும், மரவேரில் தொற்றிக்கொண்டு முழிக்கும். சங்கத்துப் பெரியவர் ஒருவர் அதைக் காட்டி அன்பாகத்தான் சொன்னார்.

"பாத்தியா, இயற்கையிலயே இப்படி உண்டு. நீயும் அது மாதிரிதான. தண்ணிக்கும் தரைக்கும் நடுவுல, ரெண்டுங்கெட்டான்."

"அது ரெண்டுங்கெட்டான் இல்ல அண்ணாச்சி, அதுக்கு ரெண்டும் தெரியும். ஆனா நான் அந்த மீன் இல்ல. நான் பொம்பள. இட்லி ஆறிப்போவுது, சாப்பிடுங்க."

அவருக்கு வருத்தம்தான். எனக்கு நல்லது சொல்ல வந்தவர். ஆனால் நான் இருப்பதற்கு ஒரு மீனைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. அவர் ஆம்பளை என்பதற்கு எந்த மாட்டையும் சாட்சிக்கு நிறுத்தவில்லையே!

பாக்கியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளைப் பெற்றவள் பக்கத்து வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள், காய்ச்சலில் போய்விட்டாள். அப்பன் ரப்பர்த் தோட்டத்துக்கு வேலை தேடிப் போனவன், திரும்பவில்லை. நடக்கத் தெரியாத பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்தேன், அப்புறம் இறக்கவில்லை. இப்போது இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். தமிழில் ஆரம்பித்து இங்கிலீஷில் முடிக்கிறாள். என் தமிழைக் கேட்டால் முகத்தைச் சுளிக்கிறாள், என் மலாயைக் கேட்டால் காதைப் பொத்துகிறாள். பள்ளிக்கூட வாசலில் என்னைக் கண்டால் பத்தடி முன்னே நடக்கிறாள். ஒருநாள் நிறுத்திக் கேட்டேன்.

"ஃபிரண்ட்ஸ் எல்லாம் கேக்கறாங்கம்மா. உங்க மதர் வாய்ஸ் ஏன் அப்படி இருக்குன்னு."

"நீ என்னட்டி சொன்ன?"

"கோல்டுன்னு சொன்னேன்."

இத்தனை வருஷமாக எனக்கு ஜலதோஷம் விடவே இல்லை என்று அந்தப் பள்ளிக்கூடம் நம்பிக்கொண்டிருக்கிறது. சிரித்துக்கொண்டேதான் எழுதுகிறேன். அன்றைக்கு வலித்தது.

3

இலஞ்சியிலிருந்து குற்றாலம் நடக்கிற தூரம்தான். ஆனி பிறந்து, மேற்கே மலையில் மேகம் இறங்கிச் சாரல் அடிக்க ஆரம்பித்துவிட்டால் எங்கள் ஊரில் ஒருவருக்கும் வீட்டில் கால் தரிக்காது. அம்மா பெயர் ஆவுடையம்மாள். தலையில் எண்ணெயைச் சொதசொதவென்று வைத்துக்கொண்டு, கிண்ணத்தில் சீயக்காய்ப் பொடியும் இன்னொரு கையில் நானுமாக நடப்பாள். சின்ன வயதில் ஆண்பிள்ளைகளும் அம்மாக்களோடு பெண்கள் பக்கம்தான் குளிப்பார்கள். கொஞ்சம் வளர்ந்ததும் அப்பாவோ மாமாவோ கையைப் பிடித்து அந்தப் பக்கம் கூட்டிப்போய்விடுவார்கள். மற்றப் பையன்களுக்கு அது பெருமை. பெரிய ஆளாகிவிட்டோம் என்று தடுப்புக்கு அப்பாலிருந்து கூச்சல் போடுவார்கள்.

எனக்கு அப்படிக் கூட்டிப்போக ஆள் வாய்க்கவில்லை. அப்பா படுக்கையிலேயே இருந்தார், மாமா வெளியூரில் இருந்தார். நான் பெண்கள் பக்கத்திலேயே குளித்தேன். தண்ணீர் உச்சந்தலையில் அடிக்கும்போது பெண்கள் வாய்விட்டுக் கத்துவார்கள். வீட்டில் அடுப்படியைத் தாண்டிக் குரல் கேட்காத பெண்கள் எல்லாம் அங்கே கத்துவார்கள். ஒருத்தி முதுகை ஒருத்தி தேய்ப்பாள், இன்னொருத்தி இடித்துத் தள்ளிவிட்டு நடுவில் போய் நிற்பாள், சண்டை வரும், சிரிப்பும் வரும். பாறைக்கு நடுவே தண்ணீர் விழுந்து குழம்புகிற பள்ளத்துக்குப் பொங்குமாங்கடல் என்று பேர். கடலையே பார்க்காத எனக்கு அதுதான் கடல். அந்த இரைச்சலில் அந்தப் பெண்களோடு நிற்கும்போது எனக்கு என்னைப் பற்றி ஒரு சந்தேகமும் வந்ததில்லை.

எட்டு வயதில் அப்பா இறந்தார். அடுத்து வந்த ஆடி அமாவாசைக்கு அம்மா என்னை அருவிக்குக் கூட்டிப்போனாள். நான் வழக்கம்போல முந்தானையைப் பிடித்துக்கொண்டு பெண்கள் பக்கம் திரும்பினேன். அம்மா என் விரல்களைப் பிரித்தாள்.

"நீ அங்கன போ ஐயா. ஒங்க அப்பாவுக்கு எள்ளுந் தண்ணியும் எறைக்கணும்லா. அதுக்கு நீதான இருக்க."

"நான் இங்கன நின்னே எறைக்கேன்ம்மா."

"ஆம்பளப் புள்ள அங்கனதான் நிக்கணும். போலே."

நான் நகரவில்லை. முதுகில் கைவைத்துத் தள்ளினாள். அடிக்கவில்லை, தள்ளினாள். ஆண்கள் கூட்டத்துக்குள் போய் விழுந்தேன். எண்ணெய் மினுங்குகிற முதுகுகளுக்கு நடுவே ஒருவர் என் உள்ளங்கையில் எள்ளை வைத்துத் தண்ணீர் வார்த்தார், சொல்லச் சொன்னதைச் சொன்னேன். தேம்பித் தேம்பி அழுதேன். அப்பாவை நினைத்து அழுகிறான், பாவம் என்றார்கள். நான் அப்பாவுக்காக அழவில்லை. திரும்பிப் பார்த்தால் அம்மா அந்தப் பக்கம் குளித்துக்கொண்டிருந்தாள், நான் இந்தப் பக்கம் நின்றேன். அதற்காகத்தான் அழுதேன். பிறகு ஒவ்வோர் ஆடி அமாவாசைக்கும் அங்கேதான் நின்றேன்.

4

பத்தொன்பது வயதில், நல்ல சாரல் நாளில், அம்மாவின் சேலையைக் கட்டிக்கொண்டு பேரருவிக்குப் போனேன். நாடு விடுதலையாகிக் கொஞ்ச வருஷம் ஆகியிருந்தது. எல்லோருக்கும் விடுதலை என்று பள்ளிக்கூடத்தில் மிட்டாய் கொடுத்திருந்தார்கள், நானும் வாங்கித் தின்றிருந்தேன். பெண்கள் பக்கம் போய்த் தண்ணீருக்குள் தலையைக் கொடுத்தேன். கொஞ்ச நேரம்தான். "ஏட்டி, இது ஆவுடை மவன்லா!" என்று ஒருத்தி கத்தினாள். கிண்ணமும் செம்பும் என் மேல் வந்து விழுந்தன. ஆண்கள் பக்கம் ஓடினேன், அங்கே சேலையைப் பிடித்து உருவினார்கள். ஒரு போலீஸ்காரர் வந்து காப்பாற்றினார். அவரும் இரண்டு போட்டுவிட்டுத்தான் காப்பாற்றினார்.

"குளிக்கணும்னா ஆளில்லாத நேரம் வந்து குளிச்சுட்டுப் போயேன். மேல காட்டுக்குள்ள எவ்வளவு அருவி கெடக்கு!"

அந்த ஈரச் சேலையை வாரிச் சுற்றிக்கொண்டு மலையேறிச் செண்பகாதேவி அருவிக்குப் போனேன். சாரலில் ஒடுங்கி உட்கார்ந்திருந்த குரங்குகளைத் தவிர ஒருவரும் இல்லை. அருமையான தண்ணீர். என்னை ஏச ஆள் இல்லை, அடிக்க ஆள் இல்லை. காட்டில் அமைதி கிடைத்தது என்று நான் எழுதுவேன் என எதிர்பார்க்கிறீர்களா? கிடைக்கவில்லை. கோபம்தான் வந்தது. எனக்கு மரமும் குரங்கும் போதும் என்று முடிவு செய்ய அந்தப் போலீஸ்காரர் யார்? எனக்குப் பேரருவி வேண்டும், அந்த நெரிசல் வேண்டும், எவளோ ஒருத்தி முழங்கையால் இடிக்க வேண்டும், நான் அவளைத் திட்ட வேண்டும். காடு எல்லோரையும் ஏற்றுக்கொள்ளும் என்று இனிமையாகச் சொல்லி ஊருக்கு வெளியே அனுப்புகிறவர்களை அன்றிலிருந்து நான் நம்புவதில்லை.

வீட்டில் அம்மா ஒரு வார்த்தைதான் கேட்டாள்.

"என் சேலைய ஏன்லே எடுத்த?"

"எனக்குன்னு ஒண்ணு வாங்கித் தா, ஒன்னோடத எடுக்க மாட்டேன்."

சோறு போட்டாள், முகத்தைப் பார்க்கவில்லை. அப்படியே இரண்டு மூன்று வருஷம் போனது. பிறகு தென்காசி ராவுத்தர் ஒருவர், பினாங்கில் மளிகைக்கடை வைத்திருந்தவர், கடையில் வேலை செய்கிறவர்களுக்குச் சமைக்க ஆள் தேடினார். என்னைப் பற்றி நாலு பேர் நாலு விதமாக அவரிடம் சொன்னார்கள். "கொழம்பு நல்லா வைக்கியா? அது போதும். மத்தத விசாரிக்க எனக்கு நேரம் இல்ல" என்றார். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினேன். அம்மா தென்காசி ரயிலடிக்குக்கூட வரவில்லை.

5

இங்கே வந்த பின் அலுவலகங்களோடு நான் பட்ட பாட்டை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். ஒன்று மட்டும் சொல்கிறேன். குடியுரிமைக்கு மனுப்போடப் போயிருந்தேன். காகிதத்தில் ஆண் என்று இருந்தது, எதிரே சேலை கட்டிய நான் இருந்தேன். எழுத்தர் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி காகிதத்தைப் பார்த்தார்.

"இதில் எது சரி?" என்றார்.

"நான்தான் சரி, காகிதம் தப்பு" என்றேன்.

"அதைத் திருத்த வேறு இடம் போக வேண்டும்."

"எந்த இடம்?"

அவருக்கும் தெரியவில்லை. பக்கத்து மேசையில் கேட்டார், மாடியில் போய்க் கேட்டார். இறங்கி வந்து, கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துவிட்டு, படத்தில் சேலையோடு இருந்தாலும் பரவாயில்லை என்று ஒட்டி முத்திரை குத்தினார். அன்றைக்கு அவருக்கும் வீட்டுக்குப் போகிற அவசரம். நான் வந்தபோது இந்த நாட்டுக்கு மலாயா என்று பேர், இப்போது மலேசியா. நாடே பேரை மாற்றிக்கொண்டதற்கு ஊர் கூடிக் கொடி ஏற்றியது. வேலாயுதம் வேலம்மாள் ஆனதற்குத்தான் இத்தனை மாடி ஏறி இறங்க வேண்டியிருந்தது.

6

தை மாதம் சிதம்பரம் அண்ணாச்சி தங்கச்சி மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்விட்டு வந்தார். வந்ததும் நேரே கடைக்கு வந்தார். இட்லி கேட்கவில்லை.

"ஒங்கம்மா போயிட்டா வேலாயுதம். மார்கழிலயே போயிட்டா. ஒங்க மாமா மவந்தான் கொள்ளி வச்சிருக்கான்."

அழுதேன். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, இட்லிச் சட்டி ஆவி கக்கிக்கொண்டிருந்தது, நான் பெஞ்சில் உட்கார்ந்து சத்தம்போட்டு அழுதேன். அண்ணாச்சி எழுந்துபோய் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"கொள்ளி வைக்கத்தான் நீ இல்ல. வார ஆடி அமாவாசைக்காவது மகன் செய்ய வேண்டியதச் செஞ்சிரு. நம்ம சங்கத்துலயே எல்லா ஏற்பாடும் பண்ணுதோம். முடிய வெட்டிக்கிட்டு, ஒரு வேட்டியக் கட்டிக்கிட்டு வா. அந்த ஒரு நாளுக்கு மட்டும். செத்தவ தாகத்தோட அலையக் கூடாதுல்லா."

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னை உலுக்கியது. எனக்கு அதில் நம்பிக்கை உண்டு. எள்ளும் தண்ணீரும் இறைக்காவிட்டால் செத்தவர்கள் தொண்டை வறண்டு அலைவார்கள் என்று கேட்டே வளர்ந்தவள் நான். அம்மாவுக்கு நான் ஒரே பிள்ளை. நான் கொடுக்காவிட்டால் கொடுக்க ஆள் இல்லை. மகனாகப் போய் நின்றால் அம்மாவுக்குத் தண்ணீர் கிடைக்கும். மகளாகப் போனால் மந்திரம் சொல்லிக் கொடுக்க யாரும் இல்லை.

ஆடி வரை இதே யோசனைதான். மாவு ஆட்டும்போதும் யோசனை, கடலில் குளிக்கும்போதும் யோசனை. ஒருநாள் பாக்கியமே சொன்னாள்.

"ஒன் டே தானம்மா. வேட்டி கட்டிட்டுப் போயிட்டு வந்து மாத்திக்கலாம்ல? யாருக்கும் பிராப்ளம் இல்ல."

"ஒரு நாள்தான்னு நீ சொல்லுத. அந்த ஒரு நாள் நெசம்னா, நான் இத்தன வருசம் கட்டுன சேலையெல்லாம் வேசம்னு ஆயிரும் பாத்துக்கோ. ஒனக்கு நான் அம்மாங்கிறதும் வேசம்னு ஆயிரும்."

அவள் புத்தகத்தைத் திறந்துகொண்டாள். நான் முடியை வெட்டவில்லை.

7

அமாவாசையன்று விடிந்ததும் நானும் பாக்கியமும் கடற்கரைக்குப் போனோம். போனதும் எனக்குச் சிரிப்பு வந்தது. முதல் நாள் நண்பகலில், கடல் ஏறியிருந்த நேரத்தில், இடுப்பளவுத் தண்ணீரில் கம்புகளை ஊன்றிக் கயிறு கட்டியிருக்கிறார்கள். காலையில் கடல் வற்றி எங்கேயோ போய்விட்டது. கம்புகள் காய்ந்த மணலில் அசட்டுத்தனமாக நின்றன. அவற்றுக்கு நடுவே மீனவப் பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஜவுளிக்கடையே கதியென்று கிடந்த அண்ணாச்சிக்கு நம் ஊர்த் தண்ணீரைத்தான் தெரியும். நம் ஊர்த் தண்ணீர் மேலேயிருந்து கீழே விழும். காலையில் போய்விட்டு மதியம் திரும்பி வராது.

ஆனால் நம் ஆட்கள் அதற்கெல்லாம் அசருகிறவர்களா? கயிற்றை அவிழ்த்து, இரண்டு தொண்டர்கள் கையில் கொடுத்து, தண்ணீருக்குள்ளேயே கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். ஒருவர் முழங்கால் தண்ணீரில், இன்னொருவர் நெஞ்சளவுத் தண்ணீரில். கடல் ஏற ஏற அவர்கள் பின்னால் நகர வேண்டும். அந்தப் பக்கம் ஆண்கள், இந்தப் பக்கம் பெண்கள். சங்கத்துக்கு மந்திரம் சொல்ல வந்த செங்கோட்டைப் பண்டாரம் ஆண்கள் பக்கம் செம்போடு நின்றார்.

நான் வெளுத்த நூல் சேலை கட்டியிருந்தேன். கையில் எள்ளுப் பொட்டலம், செம்பு. நேரே பெண்கள் பக்கம் நடந்தேன். தண்ணீர் காலைத் தொடுவதற்குள் அண்ணாச்சி ஓடி வந்து குறுக்கே நின்றார்.

"ஏலே, வேட்டி எங்கலே?"

"வேட்டி என்கிட்ட இல்ல அண்ணாச்சி. எனக்கு எதுக்கு வேட்டி?"

"வெளையாடாத. பொம்பளையள் குளிக்க எடம் இது. மகனா வந்தியானா அந்தப் பக்கம் போ, பண்டாரம் நிக்காரு. இல்லாட்டா இங்கனயே இரு. எல்லாரும் குளிச்சு முடிச்சுக் கெளம்புனப் பொறவு நீ தனியா எறங்கிக்க. யாரும் ஒன்ன ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

ஆளில்லாத நேரம் வந்து குளித்துவிட்டுப் போ! அதே வார்த்தை. ஒரு கடலைத் தாண்டி, ஒரு நாட்டுக்கு இன்னொரு நாட்டை மாற்றி, எனக்கு முன்னே அதே வார்த்தை வந்து நிற்கிறது. உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"அண்ணாச்சி, நீங்க இந்தக் கடற்கரைக்கு வாரதுக்கு முந்தியே நான் இங்கன குளிக்கேன். தெனமும் குளிக்கேன். உச்சி வெயில்ல, பொம்பளையளோட குளிக்கேன். ஒங்க கயிறு இன்னைக்கு வந்தது. வழிய விடுங்க."

"ஒங்கம்மாவுக்குத் தண்ணி வேண்டாமாலே?"

"அதுக்குத்தான் வந்திருக்கேன்."

அவரைச் சுற்றிக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். பெண்கள் கூட்டத்தில் சலசலப்பு. ஒருத்தி தன் பிள்ளையை இழுத்துக்கொண்டு கரையேறினாள். இன்னொருத்தி, "இட்லிக்கடை வேலம்மாதான? வந்துட்டுப் போட்டும். தண்ணி என்ன கொறைஞ்சா போவும்?" என்றாள். மற்றவர்கள் இரண்டு பக்கமும் சேராமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கயிற்றைப் பிடித்திருந்த தொண்டர் என்ன செய்வதென்று தெரியாமல் கயிற்றை இறுக்கிப் பிடித்தார். நான் இடுப்பளவுத் தண்ணீரில், கயிற்றை ஒட்டிப் பெண்கள் பக்கமாகவே நின்று, பண்டாரத்தைக் கூப்பிட்டேன்.

"சாமி, இங்கயிருந்தே கேக்கும். சொல்லுங்க."

"யாருக்கு, யாரு செய்யுதா?"

"ஆவுடையம்மாளுக்கு. மகள் வேலம்மாள் செய்யுதேன்."

பண்டாரம் அண்ணாச்சியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நல்ல மனுஷர், கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"மகள் செய்யுததுக்கு எனக்கு மந்திரம் தெரியாதே, தாயி."

"பரவால்ல சாமி. எனக்குத் தெரிஞ்சத நானே சொல்லிக்கிடுதேன்."

பொட்டலத்தைப் பிரித்து எள்ளைக் கொட்டிக்கொண்டு இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினேன். ஏந்திய பிறகுதான் தெரிந்தது, தண்ணீர் வார்க்க ஆள் இல்லை. அது பண்டாரத்தின் வேலை. செம்பு என் கக்கத்தில் இருந்தது, எடுத்தால் எள் சிந்திவிடும். கேட்டால் யாராவது ஒருத்தி வார்த்திருப்பாளோ என்னவோ. நான் கேட்கவில்லை. வீம்பு என்று நீங்கள் சொல்லலாம். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, கையை ஏந்தியபடி நின்றேன். கரையில் பாக்கியம் எனக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்லாததுபோல நண்டு வளையைக் காலால் நோண்டிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்தபோதுதான் என் தைரியம் கொஞ்சம் ஆட்டம் கண்டது. சேர்த்த கை கொஞ்சம் பிரிந்து, நாலைந்து எள் விழுந்தது.

தலையைக் குனிந்துகொண்டேன். பின்னால் தண்ணீர் சளசளத்தது. நிமிர்ந்தால் பாக்கியம் நிற்கிறாள். கவுன் மார்புவரை நனைந்திருக்கிறது, முகம் அவமானத்தில் சிவந்திருக்கிறது. என் கக்கத்திலிருந்து செம்பை வெடுக்கென்று உருவிக் கடல் தண்ணீரை மொண்டாள்.

"சீக்கிரம் சொல்லும்மா. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். நீ ஊத்து."

ஊற்றினாள். எள் நனைந்து விரல் இடுக்கு வழியாக இறங்க ஆரம்பித்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கும், கரையில் நின்ற அண்ணாச்சிக்கும் கேட்கட்டும் என்று, ஜலதோஷம் பிடித்ததாகப் பள்ளிக்கூடம் நம்புகிற என் முழுக் குரலில் சொன்னேன்.

"எம்மா, ஒம் மக வேலம்மா வந்திருக்கேன். இது ஒம் பேத்தி. அன்னைக்கு நீ என்னைய அந்தப் பக்கம் தள்ளிவிட்ட. நான் இந்தப் பக்கம் வந்துட்டேன், இனிமே போவ மாட்டேன். ஒனக்குத் தாகமா இருந்தா, நீ இங்கன வந்து வாங்கிக் குடி."